தையல் மிஷினுக்கு வீட்டில் எங்கே இடம்?

தமிழ்நாட்டு வீடுகளில் எல்லாப் பொருளுக்கும் ஒரு இடம் இருக்கிறது. சாமிக்கு ஒரு அலமாரி, அம்மிக்கு ஒரு மூலை, டிவிக்கு ஒரு சுவர், பைக்குக்கு ஒரு திண்ணை ஓரம். இடமே இல்லாமல் அலைகிற ஒரே பொருள் தையல் மிஷின்தான். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் நிற்கும். மேலே பழைய சேலை போர்த்தி, அதன்மேல் ரிமோட், மாத்திரை டப்பா, பிள்ளைகளின் நோட்டு என்று அடுக்கியிருக்கும். தைக்க வேண்டுமென்றால் இதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும். தைத்து முடித்தால் திரும்ப அடுக்க வேண்டும்.

மிஷின் கிடைக்க வழி இருக்கிறது. தமிழக அரசின் சமூகநலத் துறையில் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் மிஷின் தரும் திட்டம் உண்டு. கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் என்று பலர் அதில் மிஷின் வாங்கியிருக்கிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடையைத் தைப்பது மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள். ஆக மிஷினும் வருகிறது, வேலையும் வருகிறது. இடம் மட்டும் யாரும் தருவதில்லை. அதை வீட்டுக்குள்ளேயே கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. ஊர், ஆழ்வார்திருநகரி. தாமிரபரணியின் தென்கரையில், திருச்செந்தூர் ரயில் போகிற வழியில், நம்மாழ்வார் பிறந்த ஊர். பழைய பெயர் திருக்குருகூர். கோயிலுக்குள் உறங்காப்புளி நிற்கிறது. கோயிலைச் சுற்றி மாடவீதிகள், வீதிகளில் நீள நீளமான வீடுகள். பெரிய பங்களாவில் தையல் அறை போடுவது யாருக்கும் சுலபம். இந்த மாதிரி ஒட்டுவீட்டில் போடுவதுதான் சவால்!

முதலில் ஒரு சின்ன வரலாறு

வீட்டில் இருந்து ஊசி பிடித்துச் சம்பாதிப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மால்ட் என்ற மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட், அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அப்போது திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. லேஸ் பின்னிய காசைக் கொடுத்துச் சில பெண்கள் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்டார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. மார்த்தாவின் மகள் எலைசா. 1844-ல் கால்டுவெல்லைத் திருமணம் செய்துகொண்டு திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்கு வந்தார். அந்த லேஸ் வேலை அவரோடு இடையன்குடிக்கும் வந்தது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எலைசாவின் லேஸ் பற்றி யார் பேசுகிறார்கள்?

அடுத்தது மிஷின். எலியாஸ் ஹோ 1846-லும் ஐசக் சிங்கர் 1851-லும் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள். இயந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்தியே தையல் மிஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். 1924-ல் டெல்லியில் ஜி. ராமச்சந்திரன் என்ற மாணவர் எல்லா இயந்திரத்தையுமே எதிர்க்கிறீர்களா என்று கேட்க, காந்தி சிங்கர் மிஷினைச் சொன்னார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்பது காந்தி நம்பிய கதை. உண்மையில் சிங்கர் அப்படியொன்றும் மனைவிமேல் உருகியவர் அல்ல, அவருக்குப் பல குடும்பங்கள் :) ஆனால் காந்தி சொன்ன கருத்து சரி. ஒரு ஆளின் உடம்பு நோவைக் குறைக்கிற இயந்திரம் நல்ல இயந்திரம். கேள்வி கேட்ட அந்த மாணவர்தான் பின்னால் 1947-ல் டாக்டர் சௌந்திரத்தோடு சேர்ந்து திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கினார்.

உடம்பு நோவைக் குறைக்க வந்த மிஷினை இடுக்கில் வைத்து, குனிந்து, இருட்டில் கண்ணைச் சுருக்கித் தைத்தால் அந்த நோவு வேறு வழியாகத் திரும்பி வந்துவிடும். ஆகவே அறை முக்கியம்.

எந்த அறை?

ஒரு அக்காவை மனதில் வைத்துக்கொள்ளலாம். பெயர் வேண்டாம். ஜாக்கெட் தைப்பார், சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பார், மிஞ்சின துண்டுத் துணியைச் சேர்த்து ஒட்டுப் போர்வை தைக்க ஆசை. திருநெல்வேலிப் பக்கத்து வீடு. முன்னால் திண்ணை, அப்புறம் தார்சா, அடுத்து பட்டாசல், அதை ஒட்டி அரங்கு, பிறகு மானவெளி, அடுக்களை, கடைசியில் புறவாசல். மேலே மச்சு, அதற்கு மேல் தட்டட்டி. இதில் எங்கே உட்காருவது?

திண்ணை: வெளிச்சம் அருமை. ஆனால் தெருப் புழுதி, மழைச் சாரல். போகிறவர் வருகிறவர் எல்லோரும் "ஏ மதினி, என் ஜாக்கெட் ஆச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். வெள்ளைத் துணியை அங்கே வெட்டவே முடியாது.

தார்சா: வாடிக்கையாளர் வந்து போக வசதி. ஆனால் வீட்டு ஆட்கள் எல்லோரும் நடக்கிற வழி. நறுக்கிய துண்டுகளை ஒரு நாள்கூடக் கலையாமல் விட்டு வைக்க முடியாது.

அரங்கு: பழைய காலத்தில் நெல்லும் பாத்திரமும் நகையும் வைத்த உள்ளறை. கதவு பூட்டலாம், பிள்ளைகள் வராது. ஆனால் பகலிலும் இருட்டு, காற்று கிடையாது. துணி வைக்க நல்லது, தைக்க ஆகாது.

மச்சு: வெளிச்சம் உண்டு, தொந்தரவு இல்லை. மத்தியான வெயிலில் மட்டும் அடுப்பு மாதிரி கொதிக்கும். அளவு கொடுக்க வருகிற வயதான ஆச்சிகள் மச்சுப்படி ஏற மாட்டார்கள்.

பட்டாசலில் மானவெளியை ஒட்டிய ஓரம்: மானவெளியிலிருந்து நாள் முழுக்க வெளிச்சம். அடுக்களையில் பால் பொங்குவதும் காதில் விழும். இதுதான் தைக்கத் தோதான இடம்.

ஒரே அறையில் எல்லாம் நடக்க வேண்டும் என்பது கட்டாயம் இல்லை. தைப்பது மானவெளி ஓரம், துணியை வைப்பது அரங்கு, பெரிய போர்வையைப் பரப்புவது பட்டாசல் தரை என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரு விதி மட்டும் உண்டு. ஒன்றை எடுக்க ஒன்றைத் தாண்டி நடக்கக் கூடாது.

வெளிச்சம்: புத்தகம் சொல்வதும் ஊர் சொல்வதும்

வெளிநாட்டுப் புத்தகங்கள் எல்லாம் ஒரே பாட்டுப் பாடும். தையல் அறைக்கு வடக்கு ஜன்னல் வேண்டும், வடக்கில் நேர் வெயில் வராது, வெளிச்சம் ஒரே சீராக இருக்கும். லண்டனுக்கு அது சரி. ஆழ்வார்திருநகரி பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 8.6 டிகிரியில் இருக்கிறது. இங்கே ஏப்ரல் 12 வாக்கில் நடுப்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும். அன்றிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம்தான் நிற்கும். ஜூன் 21-ல் உச்சியிலிருந்து கிட்டத்தட்ட 15 டிகிரி வடக்கே சாய்ந்திருக்கும். ஆக வருடத்தில் நாலரை மாதம் வடக்கு ஜன்னலுக்கும் வெயில் உண்டு!

பயப்பட வேண்டாம். நண்பகலில் சூரியன் ரொம்ப உயரத்தில் இருப்பதால் ஒன்றரை அடி சன்ஷேடு இருந்தாலே நிழல் ஜன்னல் முழுக்க விழுந்துவிடும். காலையிலும் மாலையிலும்தான் சாய்வாக உள்ளே வரும். அதற்கு ஒரு வெள்ளை மல்துணித் திரை போதும். தெற்கு ஜன்னலுக்கு எதிர்க் கதை. டிசம்பரில் நண்பகல் சூரியன் 32 டிகிரி தெற்கே சாயும். அதே ஒன்றரை அடி சன்ஷேடு ஜன்னலின் மேல் இரண்டரை அடியைத்தான் மறைக்கும், மிச்சம் வெயில்.

மேற்கு ஜன்னல் வேண்டவே வேண்டாம். சாயங்கால வெயில் ஒரு பக்கம் இருக்கட்டும், ஆனி ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று இருக்கிறதே! ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில் பேப்பர் பேட்டர்ன் எந்த மூலைக்கு?

இவ்வளவு கணக்கும் போட்ட பிறகு இன்னொரு உண்மை முகத்தில் அடிக்கும். மாடவீதி வீடுகளில் பக்கச் சுவர் இரண்டும் பக்கத்து வீட்டோடு பொது. ஜன்னலே வைக்க முடியாது. வெளிச்சம் வருவது தெருப்பக்கம், புறவாசல், மானவெளி மூன்று வழியாக மட்டும். அதனால்தான் மானவெளி ஓரம் என்ற முடிவு. ஜன்னல் எந்தத் திசை என்று தேடுவதைவிட, இருக்கிற வெளிச்சத்துக்கு உடம்பைத் திருப்பிக்கொள்வதே வழி.

எப்படித் திருப்புவது? தையல் மிஷினில் சக்கரம் வலது பக்கம், ஊசி இடது பக்கம். வெளிச்சம் வலப்பக்கமிருந்து வந்தால் மிஷினின் தலையும் தைக்கிறவரின் கையும் ஊசிமேல் நிழல் போடும். ஆகவே மானவெளி இடது தோளுக்கு முன்னால் வருகிற மாதிரி உட்கார வேண்டும். முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் வந்தால் தன் நிழலிலேயே தைக்க வேண்டியிருக்கும். இரவுக்கு ஒரு குட்டி எல்இடி விளக்கும் ஊசியின் இடப்பக்கத்தில். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மூன்று புள்ளிகள்

1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரத்துப் புதுக் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். அதாவது ஏறக்குறைய 6 அடிக்கு 11 அடி. சமைக்கிறவர் எத்தனை எட்டு நடக்கிறார், எதற்காகக் கையை நீட்டுகிறார் என்று பார்த்துப் பார்த்துப் போட்ட திட்டம் அது. உலகத்து மாடுலர் கிச்சன்களுக்கெல்லாம் அதுதான் பாட்டி. அதே கணக்கைத் தையலுக்கும் போடலாம்.

தையலில் மூன்று புள்ளிகள்: வெட்டும் மேஜை, மிஷின், அயர்ன் பாக்ஸ். ஒரு ஜாக்கெட்டுக்கே இந்த மூன்றுக்கும் நடுவில் எத்தனை தடவை போய் வர வேண்டும்! ஒட்டுப் போர்வையில் அது பல மடங்கு. ஒவ்வொரு இணைப்பையும் தைத்தவுடன் அயர்ன் செய்தால்தான் மூலைகள் நேராகச் சேரும். மூன்றும் ஒன்றுக்கொன்று இரண்டு எட்டுக்குள் இருக்க வேண்டும். அயர்ன் பாக்ஸ் அடுக்களையிலும் மிஷின் பட்டாசலிலும் இருந்தால் தைக்கிறவர் என்ன செய்வார்? அயர்ன் செய்யாமலே விட்டுவிடுவார். தையல் சுருங்கி நிற்கும். வேலை தெரியாததால் வருகிற குறை அல்ல அது. அறையால் வருகிற குறை.

10 அடிக்கு 10 அடி இடம் என்றால் ஒரு வழி இது.

1. மானவெளிப் பக்கம் மிஷின். பின்னால் நாற்காலியை இழுக்க 3 அடி காலியிடம்.
2. எதிர்ச் சுவரில் கீல் வைத்து மடக்குகிற பலகை, 6 அடிக்கு 3 அடி. பிளைவுட் 8 அடிக்கு 4 அடி ஷீட்டாகத்தான் வரும். வெட்டி மிஞ்சுகிற துண்டு அலமாரித் தட்டுக்கு ஆகும்.
3. பலகைக்கும் மிஷினுக்கும் நடுவில் பக்கச் சுவரை ஒட்டி, இரண்டு அடி அகலத்தில் அயர்ன் மேஜை. அதற்கு மேலேயே ப்ளக்.
4. வாசலை ஒட்டி நாலடி உயரக் கண்ணாடி, ஒரு திரை. அளவு கொடுக்க வருகிற பெண்கள் அங்கேயே நின்றுவிட்டுப் போகலாம். வெட்டி வைத்த துணியை மிதித்துக்கொண்டு உள்ளே வர வேண்டியதில்லை. அவர்களுக்கும் ஒரு மறைவு.
5. ஃபேன் வெட்டும் பலகைக்கு நேர் மேலே வேண்டாம். தைக்கிறவர் தலைக்கு மேலே இருந்தால் போதும்.

ப்ளக் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அயர்ன் பாக்ஸ் 750 முதல் 1000 வாட் இழுக்கும், அதாவது 3 முதல் 4 ஆம்பியருக்கு மேல். மிஷின் மோட்டார் அதில் சிறு பங்குதான். இரண்டையும் ஒரே மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டித் துணிக் குவியலுக்கு அடியில் ஓட விடுவது நெருப்பை வீட்டுக்குக் கூப்பிடுவது போல. அயர்ன் பாக்ஸுக்குத் தனி ப்ளக் வேண்டும்.

உயரம்

காலால் மிதிக்கிற மிஷினின் ஸ்டாண்டு ஏறக்குறைய இரண்டரை அடி உயரம். உட்கார்ந்து தைக்க அது சரி. அதே உயரத்தில் நின்று வெட்டினால் இடுப்பு போய்விடும். வெட்டும் பலகை நிற்கிறவரின் முழங்கைக்கு நாலு அங்குலம் கீழே இருக்க வேண்டும். ஐந்தடி உயரப் பெண்ணுக்கு 33, 34 அங்குலம் வரும். கடையில் வாங்குகிற சாப்பாட்டு மேஜை பெரும்பாலும் 30 அங்குலம்தான். அதன் கால்களுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து உயர்த்திக்கொள்ளலாம்.

தரையில் உட்கார்ந்து வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது தப்பில்லை, பழகின உடம்புக்கு அதுவும் வசதிதான். ஆனால் ஒரு நாளைக்கு எட்டு ஜாக்கெட் வெட்டுகிறவர் எட்டுத் தடவை எழுந்து உட்காருவார். ஐம்பது வயதில் முழங்கால் கணக்குக் கேட்கும்.

ஒட்டுப் போர்வைக்குத் தனிக் கணக்கு

தாமிரபரணிக் கரையில் குளிருக்குப் போர்வை எதற்கு என்று கேட்கலாம். நியாயம்தான். இங்கே அது போர்த்த அல்ல, விரிக்க. பத்தமடைப் பாய் நெய்கிற நாட்டில் பாய்க்கு மேல் விரிக்க ஒரு மெத்தென்ற விரிப்பு, தொட்டில் பிள்ளைக்கு ஒரு துணி. ஆச்சிகளின் பழைய நூல்சேலைகள் கடைசியில் இப்படித்தான் போய்ச் சேரும். வங்காளத்தில் இதற்குக் காந்தா என்று பெயர். நம்முடைய கந்தை என்ற சொல்லும் அதுவும் ஒரே சமஸ்கிருத வேரிலிருந்து வந்தவை. வட கர்நாடகத்தில் கௌதி, மராட்டியத்தில் கோதடி. தஞ்சாவூர்ப் பக்கம் துணிமேல் துணி வைத்துத் தைத்துத் தேருக்குத் தொம்பையும் தோரணமும் செய்கிறார்களே, அதுவும் இதே குடும்பத்துக் கலை.

ஒரு எளிய கணக்கு. ஐந்தரை மீட்டர் சேலை என்றால் 18 அடி. மூன்றாக மடித்தால் ஆறடி நீளம், சேலையின் அகலமான மூன்றே முக்கால் அடியே அகலம். ஒரே சேலையில் மூன்று அடுக்கு விரிப்பு தயார்! ஓட்டுத்தையல் போட்டால் முடிந்தது. இதற்கு மேஜை வேண்டாம், தரை போதும்.

துண்டுத் துணியில் செய்வதென்றால் கதை வேறு. 60 அங்குலத்துக்கு 90 அங்குலம் போர்வைக்கு ஆறு அங்குலச் சதுரங்கள் 150 வேண்டும். தையலுக்குச் சுற்றிலும் கால் அங்குலம் விட்டு ஒவ்வொன்றையும் ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும். 150 துண்டை எங்கே அடுக்கிப் பார்ப்பது? தரையில் பரப்பினால் ஃபேன் காற்றில் பறக்கும், பூனை வந்து படுக்கும். சுவரில் ஒரு பழைய கம்பளிப் போர்வையை இழுத்துக் கட்டினால் பருத்தித் துண்டுகள் அதில் தானாகவே ஒட்டி நிற்கும். குண்டூசிகூட அதிகம் வேண்டாம். தள்ளி நின்று நிறம் பார்க்கலாம், மாற்றி வைக்கலாம். மடக்குப் பலகைக்கு மேலிருக்கும் சுவர் இதற்குத் தோது.

அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும்போது போர்வையின் கனம் ஊசியை இழுக்கும். மிஷினுக்கு இடது பக்கமும் பின்பக்கமும் அதே உயரத்தில் ஒரு ஸ்டூலோ பலகையோ வைத்தால் கனத்தை அது தாங்கிக்கொள்ளும். ஆகவே மிஷினைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் ஒரு அடி தள்ளிப் போட வேண்டும்.

துண்டுகளைச் சேர்ப்பதில் ஒரு ஆபத்து உண்டு. ஆசையாகச் சேர்க்கத் தொடங்கினால் வீடே கந்தல் மூட்டை ஆகிவிடும். இரண்டு பெட்டி, வெளிர் நிறம் ஒன்று, அடர்நிறம் ஒன்று. நிரம்பினால் தைக்க வேண்டும், இல்லையென்றால் யாருக்காவது கொடுக்க வேண்டும். மூன்றாவது பெட்டி கிடையாது.

வெள்ளம்

இனி முக்கியமான விஷயம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கி நின்றது. தாமிரபரணி ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல் என்று கரையூர்களுக்குள் புகுந்தது. ஸ்ரீவைகுண்டம் அணைதான் ஆற்றின் கடைசி அணைக்கட்டு. ஆழ்வார்திருநகரி அதற்குக் கீழே இருக்கிறது.

தையல்காரரின் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் நனைவது அவருடைய பொருள் மட்டுமல்ல. ஊராரின் துணி அவர் வீட்டில் இருக்கிறது. யாரோ ஒரு மகளின் கல்யாணப் பட்டுச்சேலை, ஃபால்ஸ் அடிக்க வந்தது. அது சேற்றில் நனைந்தால் பணம் கொடுத்துவிடலாம். போன நம்பிக்கையை எப்படித் திருப்பிக் கொடுப்பது? வீட்டுத் தையலுக்கு போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. "அவகிட்ட கொடு, பத்திரமா இருக்கும்" என்ற ஒரு வாய்ச்சொல்தான் முதல்.

ஆகவே ஆற்றங்கரை ஊரில் தையல் அறைத் திட்டம் தரையிலிருந்து தொடங்கக் கூடாது. சுவரிலிருந்து தொடங்க வேண்டும். 2023-ல் அந்த வீட்டில் தண்ணீர் எவ்வளவு ஏறியது? வீட்டில் இருந்தவர்களைக் கேட்டுச் சுவரில் ஒரு கோடு போட வேண்டும். துணி, மோட்டார், ப்ளக் எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலே. கோட்டுக்குக் கீழே நனைந்தாலும் பரவாயில்லாத பொருள் மட்டும். அரங்கில் துணி வைப்பதென்றாலும் மேல் தட்டுதான்.

வாடிக்கையாளர் துணி முழுக்க ஒரே இடத்தில், கைப்பிடி வைத்த இரண்டு பைகளில் இருந்தால் நல்லது. எச்சரிக்கை வந்தவுடன் தூக்கிக்கொண்டு மச்சுக்கு ஓடலாம். ஸ்டாண்டு மிஷினின் தலையைத் தனியாகக் கழற்ற முடியும். பின்னால் கீலில் இருக்கும் இரண்டு திருகைத் தளர்த்தினால் தலை கையோடு வந்துவிடும். பத்துக் கிலோவுக்கு மேல் கனம், ஒரு கை பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். இரும்பு ஸ்டாண்டு தண்ணீரில் நின்றாலும் துடைத்து எண்ணெய் போட்டால் பிழைத்துக்கொள்ளும். திருகாணி முடுக்கியை அந்த ஸ்டாண்டிலேயே கட்டித் தொங்கவிட வேண்டும். நள்ளிரவில் கரண்ட் இல்லாமல் தேட முடியாது.

திருவிழாவும் விருந்தாளியும்

வெள்ளம் எப்போதோ வரும். விருந்தாளி வருடா வருடம் வருவார் :) வைகாசித் திருவிழாவில் நவதிருப்பதிப் பெருமாள்கள் ஒன்பது பேரும் கருட வாகனத்தில் ஆழ்வார்திருநகரிக்கு வருகிறார்கள். ஒன்பது கருட சேவையைப் பார்க்க ஊர்ப்பட்ட சனம். எல்லா வீட்டிலும் சொந்தக்காரர்கள். அத்தை குடும்பம், பெரியம்மா குடும்பம், எல்லோரும் எங்கே படுப்பார்கள்? தையல் இடத்தில்தான்!

இதற்கு முகம் சுளிக்க முடியாது, சுளிக்கவும் கூடாது. அதனால்தான் பலகை மடக்குப் பலகை. அதனால்தான் இரண்டு பெட்டி, இரண்டு பை. மிஷினைத் தவிர மற்றதெல்லாம் கால் மணி நேரத்தில் சுவருக்குப் போக வேண்டும். விருந்தாளி படுக்க ஆச்சி சேலையில் தைத்த விரிப்பையே எடுத்து விரிக்கலாம். அதைவிட நல்ல விளம்பரம் வேறு என்ன?

ஆனால் வருடத்தில் நாலு நாள் மடக்குவது வேறு, தினமும் மடக்குவது வேறு. தினமும் எடுத்து வைக்க 15 நிமிடம், திரும்ப அடுக்க 15 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு அரை மணி. வாரத்தில் ஆறு நாள் என்றால் மூன்று மணி நேரம். வருடத்துக்கு 150 மணி நேரத்துக்கு மேல். அத்தனை நேரத்தில் எத்தனை ஜாக்கெட்! இடம் இல்லாததற்கு அந்த அக்கா கட்டுகிற அபராதம் அது. யாரும் ரசீது கொடுப்பதில்லை, அதனால் வீட்டில் யாருக்கும் தெரிவதும் இல்லை.

பெண் எழுத வேண்டுமென்றால் வருடத்துக்கு 500 பவுண்டும் தனக்கென்று ஒரு அறையும் வேண்டும் என்று வர்ஜீனியா வுல்ஃப் 1929-ல் எழுதினார். எழுதுவதற்கு மட்டுமா? வீட்டில் ஒரு ஆணின் மேஜை மேல் கணக்குப் புத்தகம் திறந்தபடி கிடந்தால் யாரும் மூடி வைக்க மாட்டார்கள். "அப்பா வேலை, தொடாதே" என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். பாதி தைத்த ஜாக்கெட் மிஷினில் கிடந்தால் மட்டும் "இதை எடுத்து வையேன்" என்பார்கள். இரண்டும் ஒரே வீட்டுக்கு அரிசி வாங்குகிற வேலைதான்.

கடைசியாக, கையில் சாக்கட்டி

காசு செலவழிக்கும் முன்னால் ஒரு காரியம் செய்யலாம். பழைய தினத்தாள்களை ஒட்டி மேஜை, மிஷின், அயர்ன் மேஜை மூன்றையும் உண்மையான அளவில் வெட்டித் தரையில் போட வேண்டும். சுற்றி டெய்லர் சாக்கால் கோடு. ஒரு வாரம் அப்படியே விட்டு, வீட்டு ஆட்கள் எப்படி நடக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். எந்தத் தாள் கிழிகிறதோ அது நடைபாதையில் இருக்கிறது, தள்ளிப் போட வேண்டும். காலை 8 மணி, மதியம் 12 மணி, மாலை 4 மணிக்கு வெளிச்சம் எங்கே விழுகிறது என்று சாக்கால் குறித்துக்கொள்ளலாம். எந்த ஆர்க்கிடெக்டும் வேண்டாம்.

இன்னொரு பயனும் உண்டு. அந்தக் கோட்டைப் பிள்ளைகள் பார்ப்பார்கள், மாமியார் பார்ப்பார், வீட்டுக்காரர் பார்ப்பார். "இது என்ன?" என்று கேட்பார்கள். "இது எனக்கு மிஷின் போடுத இடம்" என்று அந்த அக்கா ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். மேஜை, கீல், பலகை எல்லாம் அப்புறம்தான்.